எது பிரமாணம்? எவன் வல்லவன்?

(சங்க இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜோர்ஜ் லூகஸ் என்பார் ஆக்கிய "ஸ்டார் வோர்ஸ்" என்னும் திரைப்படம் 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. விண்மீன்களிடையே நிகழும் அக்கதையைத் தொடர்ந்து படங்களும், நாவல்களும், சித்திரக்கதைகளும், கணினி விளையாட்டுக்களும் பெருகின. அவை பெருகப் பெருக இரசிகர்களிடையே இரண்டு வழக்குகள் மூண்டன. இவற்றுள் எது பிரமாணம் என்பது ஒன்று. பாத்திரங்களுள் எவன் வல்லவன் என்பது மற்றொன்று. சிறுபிள்ளை விளையாட்டென்று பெரியோர் நகைக்கலாம். ஆயினும் இவ்வழக்குகளில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு.

பிரமாணமான கதைத் தொகுதியை ஆங்கிலத்திற் "கனன்" என்பர். திருச்சபை ஏற்றுக்கொண்ட வேதநூல்களின் தொகுதிக்கு வழங்கிய சொல் அது. 1911இல் ரொனல்ட் நொக்ஸ் என்பவர், ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை வேதநூல் ஆராய்வார் போன்று ஆராய்ந்து வேடிக்கையாக ஒரு கட்டுரை வாசித்தார். அவ்வேடிக்கைக்குப் பின் அச்சொல் கதையுலகிலும் வேரூன்றியது.

லூகஸின் கம்பனி தன் கதைகளைப் படிமுறையாகத் தரம் பிரித்திருந்தது. படங்கள் தலையாயவை, நாவல்கள் அவற்றிற்குக் கீழ்ப்பட்டவை. 2012இல் டிஸ்னி நிறுவனம் அக்கம்பனியை வாங்கியது. 2014 ஏப்பிரலில், அதுவரை வந்த நாவல்கள் யாவும் பிரமாணமல்ல, "பழங்கதைகள்" மாத்திரமே என்று அறிவிக்கப்பட்டது. 1999இல் வந்த நாவலொன்றில் சுவ்பக்கா என்னும் வீரன் மாண்டுபோனான். அவ்வறிவிப்பினால் அவன் மரணமும் இல்லாதொழிந்தது. 2015ஆம் ஆண்டுப் படத்தில் அவன் உயிருடன் வருகிறான்! தளபதி த்ரோன் 1991இல் திமொதி ஸான் எழுதிய நாவலிற் பிறந்தவன். அவனும் நீக்கப்பட்டான், ஆனால் 2016இல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் மீண்டும் வந்தான். உரிமையாளரின் கட்டளை ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து அகற்றலாம். வாசகர் நெஞ்சிலிருந்து அகற்ற முடியாது.

இனி, வல்லமை பற்றிய வழக்கு. 2008இல் வந்த கணினி விளையாட்டொன்றில் ஸ்டார்கில்லர் என்பவன் தன் மனோசக்தியால் மாபெரும் போர்க்கப்பலொன்றை வானிலிருந்து இழுத்து வீழ்த்துகிறான். ஆகவே லூக் ஸ்கைவோக்கரிலும் அவனே வல்லவன் என்பர் சிலர். விளையாடுவோனை வியப்பிலாழ்த்தவே அங்கு வலிமை பெருக்கிக் காட்டப்படுகிறது. 1983ஆம் ஆண்டுப் படத்தில் நிகழ்வதோ வேறு. லூக் தன் தந்தை டார்த் வேடரை வென்ற பின்னர், கொல்ல மறுத்து ஆயுதத்தை வீசியெறிகிறான். சக்கரவர்த்தி அவனை வதைக்கிறான். மகன் துடிப்பதைக் கண்ட தந்தை மனம் மாறிச் சக்கரவர்த்தியைத் தூக்கி எறிகிறான். வல்லமைப் பட்டியலில் ஆயுதம் துறந்தவனுக்கு எத்தனையாம் இடம்? கதையின் முடிவைத் தீர்த்தது அவன் செயலன்றோ?

இவ்விவாதங்களை வீண் என்று நான் தள்ளமாட்டேன். எந்த நூல், எந்தக் காட்சி, அதன் தரம் என்ன என்று ஆதாரம் கேட்கும் பழக்கம் நல்ல பழக்கம். நம் விவாத மேடைகளிலும் அது வேண்டும். ஆனால் பாத்திரத்தை விட்டு மனிதர்மேற் பாயும்போது விவாதம் கொடுமையாகிறது. 1999ஆம் ஆண்டுப் படத்தில் ஜார் ஜார் என்னும் கோமாளிப் பாத்திரத்தை நடித்தவர் அஹ்மத் பெஸ்ட். அதற்காகப் பெற்ற ஏளனத்தினால் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதாக அவர் 2018இல் வெளியிட்டார். 2017ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த கெலி மேரி ட்ரான் என்னும் நங்கை, இனத்தையும் பெண்மையையும் இழித்த வசைகளுக்கு ஆளானார். 2018இல் அவர் தம் இன்ஸ்டகிராம் பதிவுகள் யாவற்றையும் அழித்துவிட்டார்.

சகோதரர்களே, சுவ்பக்காவின் மரணத்தை ஓர் அறிவிப்பு மாற்றியது. புண்பட்ட மனிதனின் நெஞ்சை எந்த அறிவிப்பும் மாற்றாது. வாதிடுவோம், ஆதாரத்தோடு வாதிடுவோம், எதிரே நிற்பவன் மனிதன் என்பதை மறவாது வாதிடுவோம்.