ஆடியவர் ஆசானானார்

(வெள்ளிவிழா மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

    

கம்பர் துயிலும் நாட்டரசன்கோட்டையில் காவியம் பேசாமல் கால்பந்து பேசலாமா என்று நண்பரொருவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். கல்விச் சங்கத்தின் விழாவில் நாம் பேச வந்ததும் கல்வியைப் பற்றித்தான். சற்றே பொறுத்தருள வேண்டும்.

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி கலந்துகொண்டது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அணித்தலைவர் பி.கே. பானர்ஜி. ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றோம். பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். மூன்றாம் ஆட்டத்தில் பெரு நாடு மூன்று கோல்கள் போட்டுவிட்டது. ஆட்டம் முடிய இரண்டே நிமிடங்கள் இருக்கையில், 88-ஆம் நிமிடத்தில், இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தவர் சைமன் சுந்தரராஜ். தமிழர், நடுக்கள ஆட்டக்காரர். அதன்பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்கில் நம் நாட்டின் கடைசி கோல் இன்றும் அவருடையதே. அது பெருமையா, துயரமா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

பலரும் அவர் கதையை இத்துடன் நிறுத்திவிடுவர். நமக்கோ, அவர் பந்தை விட்டுப் பயிற்சியைக் கையிலெடுத்த பிறகுதான் கதை சுவைக்கிறது.

சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941-இல் தொடங்கியது. கால்பந்தென்றால் உயிரை விடும் கேரளத்திற்கு அக்கோப்பை நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்று கேரளம் முதன்முறையாக அதைப் பெற்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. மறுநாள் அம்மாநிலத்திற்கே விடுமுறை. அவ்வணிக்குப் பயிற்றுநர் நம் சைமன் சுந்தரராஜ். தமிழ்நாடு இன்றுவரை அக்கோப்பையை வென்றதில்லை. அண்டை மாநிலத்திற்கு அதை வெல்லக் கற்றுக்கொடுத்தவரோ தமிழர்!

நடுக்களத்தில் நிற்பவன் பின்னால் இருப்பவரிடம் பந்தை வாங்கி முன்னால் ஓடுபவனுக்குக் கொடுப்பவன். பயிற்றுநரின் தொழிலும் அதுவே. ஆயினும் நன்றாக ஆடத் தெரிந்தவரெல்லாம் ஆட்டத்தைச் சொல்லித்தர வல்லவர் அல்லர். அது தனிப் படிப்பு. அதற்கென்றே பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-இல் அமைந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் படிப்படியாகச் சான்றிதழ் வகுப்புகள் நடத்துகிறது.

இனி நம் தெருவுக்கு வருவோம். எங்கள் இளமையில் ஊர்ப் பொது மைதானத்தில் எங்களைக் கால்வைக்க விட்டதில்லை. கோடையில் வற்றிய கண்மாய்தான் எங்கள் களம். வெடித்த கரம்பையில் வெறுங்காலோடு ஓடினோம். மழை வந்தால் ஆட்டமும் போயிற்று. எங்களோடு ஆடிய ஒருவர் மாவட்ட அணித் தேர்வுக்குச் சென்றார். அவர் ஆட்டத்தைக் காணுமுன் எந்தத் தெரு என்று கேட்டனர். திரும்பி வந்தவர் பிறகு பந்தைத் தொடவில்லை.

இன்று மைதானம் திறந்திருக்கிறது. நம் பிள்ளைகளும் ஆடுகின்றனர், கோப்பைகளும் கொண்டுவருகின்றனர். ஆனால் தேர்வுப் பட்டியல் எழுதும் மேசைக்கு அப்பால் நம்மவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? இருபத்திரண்டு வயதில் வேலை தேடித் திருப்பூருக்குப் பேருந்து ஏறியதும் அவன் கற்ற ஆட்டமும் அவனோடு போய்விடுகிறது. அவனுக்குப் பின்வரும் சிறுவன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறான்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கட்டணம் கட்டி வந்துள்ளது. விளையாட்டுப் பயிற்றுநர் படிப்புக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கியதில்லை. செயற்குழுவிலிருந்த எங்களுக்கே அது தோன்றவில்லை, குறை எங்களுடையதே. இவ்வாண்டு முதல் ஒருவருக்கேனும் அக்கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டுமென்று இன்று காலைக் கூட்டத்தில் கேட்டோம். ஆடவர், பெண்டிர் இருபாலாரும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேட்டோம். பொருளாளர் கணக்கைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். கூட்டம் கலையுமுன் அவரைச் சந்தியுங்கள், தம்பிகளே, தங்கைகளே!