விட்டுக்கொடாத விசுவாசம்

(வேப்பந்தட்டையில் யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற நவநாள் திருப்பலியில் பங்குத் தந்தை ஆற்றிய மறையுரை)



யூபிலி என்றதும் நம் கண்முன் நிற்பவை கொடியேற்றமும் தேர்பவனியும் வாணவேடிக்கையும்தாம். பழைய ஏற்பாட்டு மக்களுக்கோ யூபிலி என்பது வேறு. அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு அது. கைமாறிப்போன நிலம் உரியவனிடம் மீளும் ஆண்டும் அதுவே. சுருங்கச் சொன்னால், கணக்கை நேர்செய்யும் ஆண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவித்து, அறுவடை முடிந்ததும் வரவு செலவு பார்க்கிற மக்கள் நாம். இன்று நம் விசுவாசத்தின் வரவு செலவையும் சற்றே பார்ப்போம்.

பகைமை நிறைந்த உலகில் விசுவாசத்தை விட்டுக்கொடாமல் வாழ்வது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடி உரோமையின் பழைய வேதகலாபனைகளுக்குப் போக வேண்டியதில்லை. நம்மைப்போலத் தமிழ் பேசி, மனைவியோடு இல்லறம் நடத்திய ஒரு பொதுநிலையினரே நமக்கு விடையாக நிற்கிறார். அவர்தாம் புனித தேவசகாயம்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். துன்பத்தால் மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை எடுத்துச் சொன்னவர் டிலனாய்தான். 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

நான்கே ஆண்டுகள்தாம் கழிந்தன. 1749இல் அவர் கைதானார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அடித்தார்கள், புண்களில் மிளகாய்த்தூள் தூவினார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தபின், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். பொங்கலையொட்டி நம் வீடுகள் மகிழ்ந்திருக்கும் நாளில்தான் அவரது விழாவும் வருகிறது. கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருக்கு, 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே.

இதெல்லாம் நீங்கள் கேட்டறிந்ததுதான். ஆனால் ஒன்றை மட்டும் ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். அவர் ஏன் பகைக்கப்பட்டார்? வேறு தெய்வத்தை வணங்கினார் என்பதற்காக மட்டுமா? டிலனாயும் கிறிஸ்தவர்தானே! அவர் மன்னரின் படைத்தலைவராக மதிப்போடு வாழ்ந்தாரே! தேவசகாயமோ ஜெபிப்பதோடு நிற்கவில்லை. சாதி வேற்றுமை பாராமல் மனிதர் யாவரும் சமம் என்று போதித்தார். தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகினார். மேல்நிலையில் இருந்தோரின் வெறுப்பைக் கிளறியது இதுவே என்று புனிதர் பட்டத்தின்போது திருச்சபை வெளியிட்ட வரலாறும் கூறுகிறது. வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லி, வீதியில் ஊர்வழக்கப்படி நடந்திருந்தால், அவர் ஒருவேளை அரண்மனையிலேயே முதுமை எய்தியிருக்கலாம். அந்த ஓர் இடத்தில்தான் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார்.

இனி, அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்துக்கு வருவோம். அங்கே 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தின் அமைப்பைக் கேட்டால் நெஞ்சு பதறும். கால்சட்டையின் இரு கால்களைப்போல, பீடத்தில் சந்திக்கும் இரண்டு தனிக்கூடங்கள். ஒன்று ஒரு சாதியாருக்கு, மற்றொன்று வேறு சாதியாருக்கு. நடுவிலே தடுப்பு. ஒரே திருப்பலி, ஒரே அப்பம். ஆனால் உண்பவர் ஒருவரையொருவர் காணலாகாது! சமத்துவத்துக்காக உயிர் ஈந்தவர் மறைந்து 120 ஆண்டுகளே ஆகியிருந்தன. அத்தடுப்பைக் கட்டியது புறமதத்து மன்னன் அல்லன். கட்டியவர்களும் கட்டக் கேட்டவர்களும் நாமே. குருக்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை இந்தப் பீடத்தருகே நின்று ஒப்புக்கொள்கிறோம். 1910இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. உடனே ஆயர் பார்த் ஆண்டகைமேல் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதியின் பெயரால் தனியிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. நற்செய்தி சொல்லியும் கேளாத நமக்கு, நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று!

அது பழைய கதை என்று சொல்லிவிட முடியுமா? நமக்கு வெகு தொலைவில் இல்லாத எறையூரில், 2008 மார்ச்சில், ஒரே பங்கின் மக்கள் சாதியால் பிரிந்து மோதினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பலியாயின. அதுவும் தவக்காலத்தில்!

ஆகவே அன்பர்களே, பகைமை உலகம் எங்கே இருக்கிறது என்று வெளியே விரல் நீட்டுமுன் சற்று நிதானிப்போம். நம் திருவிழாவுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றும் பிறசமயச் சகோதரர் நமக்குப் பகைவர் அல்லர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயத்தாரை மதித்துப் பழகக் கற்பித்தது; மனிதரிடையே சமுதாய நிலையை வைத்துப் பாகுபாடு செய்வது இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்றும் கற்பித்தது. நம் விசுவாசத்துக்குப் பகையாக நிற்கும் உலகம் பல வேளைகளில் நம் உள்ளத்திலேயே குடியிருக்கிறது.

நம் ஆலயத்தில் தடுப்புச்சுவர் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் கேட்டுப் பாருங்கள்: தேர் எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது? இறந்தவரைச் சுமக்க எத்தனை பாடைகள், புதைக்க எத்தனை கல்லறைகள்? பெண் பார்க்கும்போது திருமுழுக்கை முதலில் கேட்கிறோமா, சாதியையும் சவரனையும் முதலில் கேட்கிறோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டனர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் விடுபட்டே நிற்கின்றனர். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். ஆகவே ஓர் ஏழைத் தகப்பன் தன் பிள்ளையின் சான்றிதழில் கிறிஸ்தவன் என்று எழுதும்போது, அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கல்வி உதவியையும் வேலையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறான். பதவி இழந்த தேவசகாயத்தின் வழியில் நடப்பவன் அவனன்றோ? வறுமையின் நெருக்கடியால் இரண்டு பெயரோடு வாழும் குடும்பங்களும் உண்டு. அவர்கள்மேல் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைத்த அநீதியை எதிர்ப்பதும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுப்பதும் பங்கு முழுவதற்கும் உரிய கடமை.

ஆனால் விசுவாசத்துக்காக எதையுமே இழவாதவர்களுக்கு ஒரு கேள்வி. இழந்தவன் கடைசி வரிசையிலும் இழவாதவன் முதல் வரிசையிலும் நிற்கும் ஆலயத்தில், தேவசகாயம் எந்த வரிசையில் வந்து முழந்தாளிடுவார்?

புனிதர் பட்டத்தின்போது திருச்சபை அவருடைய சாதிப் பெயரை நீக்கித் தேவசகாயம் என்றே அறிவித்தது. கல்லறைக்குப் போயும் அவரை விடாமல் 270 ஆண்டுகள் தொடர்ந்த அப்பெயர் பீடத்தின்முன் உதிர்ந்தது. நம்முடையது மட்டும் ஏன் உதிரக்கூடாது?

இந்த யூபிலிக்கு நாம் கட்டும் மண்டபமும் அச்சிடும் மலரும் ஒருநாள் பழையதாகும். எல்லாத் தெருவுக்கும் செல்லும் ஒரே தேர், எல்லாருக்கும் ஒரே பாடை, எல்லாருக்கும் ஒரே கல்லறை, வரதட்சணை கேளாத திருமணம் என்று நாம் தீர்மானித்தால், நம் பிள்ளைகள் அடுத்த யூபிலியில் அதைச் சொல்லி இறைவனைப் போற்றுவார்கள். அதனால் உறவினர் சிலர் முகம் சுளிக்கலாம். ஊரார் சிலர் ஏசலாம். அந்த அளவுக்கேனும் நாம் விசுவாசத்துக்காக இழந்தோம் என்ற வரவு நம் கணக்கில் ஏறட்டும்.

ஏலாக்குறிச்சியில் நம் வட்டார மக்களுக்கெல்லாம் அடைக்கலமாய் வீற்றிருக்கும் அன்னை மரியாளும், புனித தேவசகாயமும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் நம் யூபிலியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.