சிறு பிள்ளைகளும் வீட்டுக் காலைப் பாடமும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தின் மகளிர் அமர்வில் நிகழ்த்திய உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் பலர் இருக்கும் வீட்டில் காலைப் பொழுதைக் கல்விக்கு உரியதாக்குவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லோம். மூன்று பிள்ளைகளை வளர்த்ததில் கற்றவற்றையும், அதனினும் கூடுதலாகத் தவறியவற்றையும் உங்கள் முன் வைக்கிறோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போது எங்கள் பிள்ளைகளுக்கு வயது ஐந்து, மூன்று, ஒன்று. பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என எண்ணினோம். கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். காலை 8 மணி முதல் 11 மணி வரை மூவரையும் பாயில் உட்கார வைத்தோம். மூத்தவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது நடுவுள்ளவன் புத்தகத்தைக் கிழிப்பான். அவனை அடக்கினால் கைக்குழந்தை அழும். அடுப்பில் பால் பொங்கி வழியும். நாள்தோறும் பாடம் கூச்சலிலும் அடியிலும் முடிந்தது.

ஒரு நாள் மூத்தவளின் வாசிப்புப் புத்தகத்தைக் காணவில்லை. தேடியபோது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. ஏன் ஒளித்தாய் என்று கேட்டோம். "புத்தகத்தை எடுத்தா உம்மாவுக்குக் கோபம் வருது" என்றாள். கல்வியைக் கொடுப்பதாக எண்ணி, கல்வியின் மீதுள்ள அச்சத்தையே கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் விளங்கியது.

மார்க்கம் காட்டும் மென்மை

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுததையும், பேரப் பிள்ளை முதுகில் ஏறியிருந்தபோது ஸஜ்தாவை நீட்டியதையும் நாம் அறிவோம். தொழுகையை ஏவுவதற்கே ஏழு வயது வரை அவகாசம் அளித்த மார்க்கம் நம்முடையது. நாமோ மூன்று வயதுப் பிள்ளை அசையாமல் உட்கார வேண்டும் என எதிர்பார்க்கிறோம்!

நாட்டுச் சட்டமும் அவசரப்படுத்தவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எனவே இளையவர் இருவரையும் ஆறு வயது வரை வீட்டிலேயே வைத்துக் கற்பித்தோம். அதன்பின் பள்ளியில் சேர்க்கத் தவறவில்லை. அந்த வயதுக்குமேல் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என அரசியல் சட்டமே கூறுகிறது.

மாற்றிக்கொண்ட முறை

முதலில் அட்டவணையைக் கிழித்தோம். மணிக் கணக்கை விட்டு, வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். சுபுஹு தொழுதபின் இளையவர்கள் உறங்கும் வேளையில் மூத்தவளுக்கு ஓதலும் வாசிப்பும் கால் மணி நேரம். பசியாறிய பின் நடுவுள்ளவனுக்குப் பத்து நிமிடம். கைக்குழந்தை உறங்கும்போது இருவருக்கும் சேர்த்து ஒரு கதை. மொத்தத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

எஞ்சிய பாடங்களை வீட்டு வேலையே தந்தது. தட்டுகளை எண்ணி வைப்பது கணக்கு. பெரிய வெங்காயத்தையும் சிறிய வெங்காயத்தையும் பிரிப்பது வகைப்படுத்தல். சுளகில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதக் கற்றான் மகன். அ, ஆ என வளைந்த எழுத்துகளில் தொடங்காமல், நேர்க்கோடுகளாலான ட, ப ஆகியவற்றை முதலில் காட்டினோம், அடுத்து ம. இம்மூன்றும் புள்ளியும் அறிந்தால் படம், பட்டம், மடம் எனச் சொற்களையே வாசித்துவிடலாம். தானாக ஒரு சொல்லை வாசித்த பிள்ளையின் முகமலர்ச்சியைக் காண்பது பெரும் பேறு!

ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டையால் எண்ணக் கற்பித்தபோது ஒன்றைக் கைக்குழந்தை வாயில் போட்டுவிட்டது. அல்லாஹ்வின் அருளால் உடனே எடுத்துவிட்டோம். அன்று முதல் சிரட்டையும் கரண்டியும்தான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கொட்டை, மணி, பொத்தான் எதுவும் பாடப் பொருளாக வேண்டாம்.

ஜமாஅத்துக்கு வேண்டுகோள்

இவையனைத்தும் ஒரு தாயால் மட்டும் ஆனவை அல்ல. பிள்ளைகளின் வாப்பா பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் அரை மணி நேரம் இளையவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றார். அந்த அரை மணி நேரம் இல்லையெனில் எங்கள் காலை மீண்டும் கூச்சலிலேயே முடிந்திருக்கும். எனவே ஊரிலிருக்கும் தந்தையரே, சுபுஹுக்குப் பின் மீண்டும் படுக்கைக்குச் செல்லாதீர்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பாட்டிமாரும் மாமிமாரும் அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை ஓதி முடித்துவிட்டதே, உன் பிள்ளை எதுவரை?" என்ற விசாரிப்பை நம் வீதிகளில் நிறுத்துவோம். அந்தக் கேள்வியின் அடி இறுதியில் பிள்ளையின் முதுகில்தான் விழுகிறது.

கூட்டுத் தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். ஒரு தாய்க்காக ஒரு ஜமாஅத்தின் தொழுகையே சுருங்கியதெனில், அவளுக்காக நம் எதிர்பார்ப்புகளைச் சுருக்கிக்கொள்வது பெரிதா?

எங்கள் மூத்த மகள் இன்று தம்பி தங்கைக்குத் தானே கதை வாசித்துக் காட்டுகிறாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இப்போது எந்தப் புத்தகமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாகவும் கல்வியை விரும்புவோராகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.