பெரிய மட்டையும் பழைய கையும்



கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியே நுவரெலியாவை அடைவோர், நகரை ஒட்டிப் பரந்து கிடக்கும் பசும்புல் வெளியைக் காணாதிருக்க முடியாது. 1889 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தொடங்கிய கோல்ப் கழகத்தின் மைதானம் அது. பள்ளி விடுமுறையில் மாமன் வீட்டில் தங்கி, அங்கு ஆடவந்த துரைமாரின் மட்டைப் பையைச் சுமந்த சிறுவருள் நானும் ஒருவன். ஒரு துரை கழித்துவிட்ட மர மட்டையே எனக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தது. ஆசிரியப் பணி ஏற்றபின் முப்பது ஆண்டுகள் அதனைத் தொடவில்லை. சென்ற ஆண்டு, ஐம்பத்தாறாம் வயதில், மீண்டும் அப்புல்வெளியில் கால் வைத்தேன்.

நண்பர் ஒருவர் தந்த புதிய மட்டையைக் கண்டு திகைத்தேன். அதன் தலை ஒரு சிறு தேங்காய் அளவு இருந்தது! என் காலத்தில் முதலடி மட்டையின் தலை பெர்சிமன் என்னும் மரத்தில் கடைந்தது, கைப்பிடிக்குள் அடங்குவது. 1979 இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991 இல் காலவே நிறுவனத்தின் 'பிக் பெர்த்தா' 190 கன சென்ரிமீற்றர் அளவில் வந்தபோது, அதையே பெரிதென்று உலகம் வியந்தது. இன்று டைட்டேனியத் தலைகள் 460 வரை வளர்ந்துவிட்டன. அதற்குமேல் கூடாதென்று விதியே இருக்கிறது.

பெரிதாக்கியதன் காரணம் எளிது. உள்ளே வெற்றிடம், எடையோ ஓரங்களுக்குப் பகிரப்பட்டிருக்கிறது. ஆதலால் பந்து நடுவில் படாவிடினும் தலை எளிதில் திரும்புவதில்லை. பழைய மர மட்டையில் நாணயமளவு இடமே நல்ல இடம். சற்று விலகினாலும் உள்ளங்கை அதிரும்.

இத்தனையும் அறிந்தே அடித்தேன். பந்து பத்தடி உருண்டு புல்லில் நின்றது. இரண்டாம் முறை வானுக்கு எழும்பி அருகிலேயே விழுந்தது. அன்று என் பையைச் சுமந்தவன் என் பழைய மாணவன். பின்வரிசையில் அமர்ந்திருந்தவன், சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவன். அவன் சிரிக்கவில்லை.

"சேர், டீயைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க. பந்து இடது குதிகாலுக்கு நேரா இருக்கட்டும்" என்றான்.

தேயிலை நாட்டினராகிய நமக்கு டீ என்றால் பருகும் பொருள். இவ்வாட்டத்திலோ பந்தைத் தாங்கும் சிறு முளை. மர மட்டைக்கு அதைத் தாழ்த்தி வைத்தே பழகியவன் நான். "இந்தத் தலை உயரம், சேர். பந்தில் பாதி அதுக்கு மேலே தெரியணும். மட்டை மேலே ஏறும்போது படணும். பிடியும் நீளம், எடையும் குறைவு, அவசரப்படாதீங்க" என்று விளக்கினான். அவ்வாறே செய்தேன். மரத்தின் மென்மையான ஓசைக்குப் பதில் உலோகம் கணீரென்றது. பந்து நெடுந்தூரம் சென்றது. ஆயினும் வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் மறைந்தது.

"மட்டை முகம் திறந்திருந்தது, சேர். அதை எந்த மட்டையும் மறைக்காது" என்றான் அவன்.

நேயர்களே, பெரிய மட்டை சிறு பிழையைப் பொறுக்கும்; பிழையைத் திருத்தாது. பழைய மட்டையோ கையைச் சுடும். ஏன் சுட்டது என்று கூறாது. நான் பழைய மட்டையைப் போன்ற ஆசிரியனாகவே இருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன். அம்மாணவனின் விடைத்தாள்களில் புள்ளியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். எங்கே தவறினான், ஏன் தவறினான் என்று அருகழைத்து ஒருநாளும் கூறியதில்லை. அவனோ என் ஒவ்வோர் அடிக்கும் காரணம் கூறினான்.

இப்போது மாதம் ஒருமுறை நுவரெலியா செல்கிறேன். பந்து இன்னும் வலப்புறமே வளைகிறது. ஆனால் பள்ளியில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், பின்வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.