வகுப்பு தொடங்கும் முன்

(ஒன்றுகூடல் விழாவின் முதல் நாள் பிற்பகல், இந்த ஆண்டு பொறியியல் படிப்பில் சேரும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "பொறியியல் முதலாண்டுக்குத் தயாராவது எப்படி" என்பது. இருபது நிமிடம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்த கதையையும், 1945-ல் பொறியியல் படிப்பு இங்கே வந்த கதையையும் நான் தொடப்போவதில்லை. காலையில் பேசியவர்கள் அதை நிறைவாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் கடலூர் ஓ.டி.காரன். ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தாலும் என்னிடம் வந்து மூன்று கேள்வி கேட்பார்கள். "என்ன லேப்டாப் சார் வாங்கலாம்? எந்த கோர்ஸுல சேர்த்து விடலாம்? எந்த பிராஞ்சுக்கு சார் மவுசு?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "பையன் பிளஸ் ஒன் புத்தகத்தை முழுசாப் படிச்சானா?" பெரும்பாலும் பையன் அப்பா முகத்தைப் பார்ப்பான், அப்பா மின்விசிறியைப் பார்ப்பார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் முதலாண்டின் கஷ்டம் பாதி இங்கேதான் இருக்கிறது. கட் ஆஃப் இருநூறு என்பது என்ன? கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண். அதனால் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதைத் தடுப்பதற்காகவும்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் அந்தத் தேர்வு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது சரிதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு.

கல்லூரி என்ன செய்கிறது? நீங்கள் பிளஸ் ஒன் படித்தவர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறது. வகையீடு, தொகையீடு, முக்கோணவியல், வெக்டார் இவையெல்லாம் அடிப்படையில் பிளஸ் ஒன் கணிதம். முதல் செமஸ்டர் கணித ஆசிரியர் பகுதி வகையீட்டுக்கும் அணிகளின் ஐகன் மதிப்புக்கும் போய்விடுவார். சைன், காஸ் வகையீட்டை மறுபடி சொல்லித்தர அவருக்கு நேரம் கிடையாது. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் முதல் வாரமே ஒரு விளக்கைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றின் இழுவிசை என்ன என்று கேட்பார்கள். அதற்கான லாமியின் தேற்றம் நம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் 'இயக்க விதிகள்' பாடத்திலேயே இருக்கிறது. அன்று புரட்டாமல் விட்ட பக்கம், ஒரு வருஷம் கழித்து கல்லூரியில் வந்து நிற்கிறது.

ஆகவே என் முதல் யோசனை, செலவில்லாத யோசனை. பிளஸ் ஒன் கணிதம், இயற்பியல் இரண்டையும் மறுபடி எடுங்கள். புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தால் பாதகமில்லை. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதும் வேண்டாம். கணிதத்தில் நான் சொன்ன நான்கு பகுதி, இயற்பியலில் இயக்க விதிகளும் பருப்பொருளின் பண்புகளும் போதும்.

எப்படிப் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். பள்ளியில் நீங்கள் கேள்வியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விடை எழுதிப் பழகியவர்கள். "இது அஞ்சு மார்க்ல மூணு தடவ வந்திருக்கு" என்று சொல்லித்தான் படித்தோம். நாங்களும் அப்படித்தான். கல்லூரியில் கேள்வி புதிதாக வரும். அதனால், ஆசிரியர் போட்டுக் காட்டாத கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கைடும் கைப்பேசியும் பக்கத்தில் இல்லாமல், நாற்பது நிமிடம் அதனோடு உட்காருங்கள். விடை வரவில்லை என்றாலும் பரவாயில்லை. எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று நோட்டில் எழுதிவையுங்கள். இப்போது படம் பிடித்துப் போட்டால் கைப்பேசியே வரி வரியாக விடை சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் அது இன்னொரு கைடு, அவ்வளவுதான்.

"இந்தக் கணக்கெல்லாம் எங்க சார் உதவப்போகுது" என்று ஒரு பிள்ளை போன வருஷம் கேட்டது. நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நெய்வேலியை எல்லோரும் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். 1956-ல் அங்கே நிறுவனம் அமைந்தது, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடையில் பொறியாளர்களை மிரட்டியது கரி அல்ல, தண்ணீர். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அள்ள அள்ள, அந்த நீரை அமுக்கிவைத்திருந்த பாரம் குறைந்துகொண்டே போகும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். அந்த நீரின் அழுத்த மட்டம் சுரங்கத் தரைக்கு ஐம்பது மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். பத்து மீட்டர் நீர்த்தம்பத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 டன் அழுத்தம். அப்படியானால் ஐம்பது மீட்டருக்கு ஒரு சதுர மீட்டருக்கு 50 டன், கீழேயிருந்து மேல்நோக்கி! தரையே பிளந்து நீர் பீறிட்டுக் கிளம்பும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறு போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். இன்றைக்கும் இறைக்கிறார்கள். அப்படி இறைப்பதால் சுற்றுவட்டாரத்து விவசாயிகளின் கிணறு என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி. அதுவும் பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். இவ்வளவுக்கும் ஆரம்பம், பிளஸ் ஒன் புத்தகத்தில் திரவ அழுத்தத்துக்கு இருக்கும் அந்த ஒற்றை வரிச் சூத்திரம்.

அடுத்தது டிராயிங். முதலாண்டில் அதிகம் பேரை அழவைக்கும் பாடம் எது என்று கேட்டால், எங்கள் காலத்து ஆட்கள் கணிதத்துக்குச் சமமாக இதைத்தான் சொல்வார்கள். பள்ளியில் இதற்கு முன்னோட்டமே கிடையாது. ஒரு பொருளை மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மனத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். இதற்கு மினி டிராஃப்டர் வாங்கும் முன்னாலேயே பயிற்சி செய்யலாம். ஒரு துணி சோப்புக் கட்டியோ உருளைக்கிழங்கோ எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியால் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டுங்கள். நேரே நின்று முன்தோற்றம் வரையுங்கள். மேலிருந்து பார்ப்பதை அதற்குக் கீழே வரையுங்கள். மேலே தெரிவதைக் கீழே வரைவானேன் என்று கேட்பீர்கள். நம் நாட்டுத் தரமுறைப்படி பயன்படுத்தும் முதல் கோண வீழலில் அப்படித்தான். இன்னொரு மூலையை வெட்டி மறுபடி வரையுங்கள். பத்து நாள் செய்தால் கண் பழகிவிடும். அம்மா கிழங்கைக் கேட்டால் நான் பொறுப்பில்லை.

ஒர்க்‌ஷாப் பற்றி ஒரு வார்த்தை, பெண்பிள்ளைகளுக்கு. ஃபிட்டிங் வகுப்பில் அரம் பிடிக்கும்போது "நீ விடும்மா, நான் ராவித் தரேன்" என்று யாராவது பையன் வருவான். கொடுக்காதீர்கள்.

இப்போது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வருகிறேன். புவனகிரி, காட்டுமன்னார்கோயில், கிள்ளை, குறிஞ்சிப்பாடி என்று சுற்றியுள்ள ஊர்களின் அரசுப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் இங்கே நிறைய. 2021-ல் 7.5 சதவீத இடஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தபிறகு இன்னும் கூடியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் இவர்கள் மனத்தில் விழும் எண்ணம், "எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் புரியல." நான் அடித்துச் சொல்கிறேன், அது உண்மையல்ல. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும் புரிந்திருக்காது. புரியாததை அவன் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவே வித்தியாசம்.

விடுதியில் என் அறையில் இருந்த நண்பர் தமிழ் வழி மாணவர். அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். தடுக்கிவிடுவது பெரிய கலைச்சொற்கள் அல்ல. அவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கிவிடுவார். தடுக்கிவிடுவது சின்னச் சின்னச் சொற்கள்: அஸ்யூம், நெக்லெக்ட், ஹென்ஸ், ரெஸ்பெக்டிவ்லி. இவற்றை யாரும் விளக்குவதில்லை. அதைவிட மோசம், தெரிந்த சொல்லாக வந்து வேறு பொருள் தருபவை. மெக்கானிக்ஸ் கணக்கில் 'ஸ்மூத்' என்று வந்தால் வழவழப்பு என்று நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. உராய்வு இல்லை என்று எடுத்துக்கொள் என்று பொருள். 'லைட்' கயிறு என்றால் எடையைக் கணக்கில் சேர்க்காதே. 'ரிஜிட்' என்றால் வளையாது. 'யூனிஃபார்ம்' தண்டு என்றால் எடை நட்டநடுவில் செயல்படும். ஒரு சொல்லை விட்டால் ஒரு சமன்பாடே போய்விடும்! அவர் இப்படிப்பட்ட சொற்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தார். இரண்டாம் செமஸ்டரில் ஆங்கில வழி மாணவர்களே அந்த நோட்டைக் கடன் வாங்கினார்கள். நீங்கள் இப்போதே ஒரு பாடப்புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, தினம் ஒரு பக்கம், அகராதியோடு வாசியுங்கள். வேகம் வேண்டாம்.

அரியர் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாதாம். பயமுறுத்தவில்லை, கணக்கைச் சொல்கிறேன். முதல் செமஸ்டர் கணிதம் போனால் இரண்டாம் செமஸ்டரில் அதன் மேலேயே அடுத்த கணிதம் உட்காரும். இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கும்போது மூன்றாவதாக ஒன்று நழுவும். கடைசி ஆண்டில் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் இருந்தால் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. ஆனால் ஒரு அரியர் விழுந்ததால் கெட்டுப்போனவனை நான் பார்த்ததில்லை. விழுந்ததை வீட்டில் மறைத்து, வெட்கத்தில் வகுப்புக்குப் போகாமல் அறையில் படுத்துக்கிடந்து கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்றே ஆசிரியரிடம் விடைத்தாளை எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார். திட்டிவிட்டுச் சொல்லித்தருவார்.

அடுத்து சீனியர் மாணவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. 1996 நவம்பரில் இதே அண்ணாமலை நகரில், முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். அதையடுத்துத்தான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லவே எங்களுக்கு நாக்கு எழவில்லை. "சும்மா வெளையாட்டுக்கு சார்" என்று இன்றும் சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஊரை விட்டு, முதல்முறை வீட்டைவிட்டு வந்திருக்கும் பிள்ளைக்கு அது விளையாட்டு அல்ல. புதிதாக வரும் பிள்ளைகளே, யாராவது தொல்லை கொடுத்தால் அன்றைக்கே வார்டனிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். சொன்னால் இன்னும் அதிகமாகும் என்று மிரட்டுவார்கள். அதை நம்பாதீர்கள்.

பெற்றோர்களுக்கு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அதற்கான சான்றிதழைக் கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலையாமல் முன்னதாக வாங்கிவிடுங்கள். பிள்ளைக்குத் துணி துவைக்கவும், மாதச் செலவுக்குக் கணக்கு எழுதவும் இந்த வாரத்திலிருந்தே பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது "எத்தன மார்க்?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். "சாப்ட்டியா, யாரு கூட இருக்க?" என்பது முதல் கேள்வி.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடிக்கிறேன். முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மினி டிராஃப்டர், டிராயிங் போர்டு, பழைய பாடப்புத்தகங்களை நாளை காலை வரவேற்பு மேசையில் கொடுங்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும். கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் உங்கள் ஊரில் முதலாண்டு சேரும் இரண்டு பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு, முதல் செமஸ்டர் முடியும்வரை வாரம் ஒரு முறை போனில் கணக்கு கேளுங்கள். நாளை பத்து மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் இதே அறையில் இருப்போம். பிளஸ் ஒன் கணக்கில் சந்தேகம் இருக்கிற பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். சோப்புக் கட்டி நாங்கள் வாங்கி வைக்கிறோம்.