ரேஸ் யாருக்குப் பாதுகாப்பு?

ஃபார்முலா 1 பாக்கறவங்க இப்ப எல்லா ஊர்லயும் இருக்காங்க. எங்க ஆட்டையாம்பட்டியிலயும் முறுக்கை நொறுக்கிக்கிட்டே செல்போன்ல ரேஸ் பாக்கற பசங்க உண்டு. இன்னைக்கு ஒரு பழைய ரேஸைப் பத்திப் பேசலாம்: 2012 ஏப்ரல், பஹ்ரைன் கிராண்ட் பிரி.

2011 பிப்ரவரியில பஹ்ரைன் மக்கள் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தாங்க. அரசு அடக்குச்சு. 35 பேர் இறந்ததாகவும், அதுல 5 பேர் சித்திரவதையால செத்ததாகவும் மன்னரே அமைச்ச விசாரணை ஆணையம் பதிவு செஞ்சது. அந்த வருஷம் ரேஸ் ரத்து. அடுத்த வருஷமும் போராட்டம் ஓயல. ஆனா ரேஸ் திரும்ப வந்துடுச்சு.

அங்க போன டீம்கள்ல ஒண்ணு, நம்ம நாட்டுப் பேரோட ஓடுன ஃபோர்ஸ் இந்தியா. புதன்கிழமை ட்ராக்குல இருந்து திரும்பின அதோட ஊழியர்கள் சிலர், போலீஸுக்கும் போராட்டக்காரங்களுக்கும் நடந்த மோதல்ல மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துலயே பெட்ரோல் குண்டு வெடிச்சது. யாருக்கும் அடி இல்ல. ஆனா டீம்ல ரெண்டு பேர் ஊருக்கே கிளம்பிட்டாங்க. இருட்டறதுக்குள்ள ஹோட்டலுக்குப் போயிடணும்னு வெள்ளிக்கிழமை ரெண்டாவது பயிற்சியையே டீம் விட்டுடுச்சு. மறுநாள் தகுதிச்சுற்றுல பால் டி ரெஸ்டா முதல் பத்துக்குள்ள வந்தும், டிவியில அவங்க கார் கண்ணுல படவே இல்ல. இது தற்செயலா, தண்டனையான்னு அப்பவே கேள்வி எழுந்துச்சு.

அதே சனிக்கிழமை காலையில, முந்தின நாள் மோதல் நடந்த கிராமத்துல ஒரு போராட்டக்காரரோட சடலம் கிடைச்சது. மத்தியானம் கார்கள் ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை வெட்டல் ஜெயிச்சாரு.

நம்ம பக்கம் தெருவுல ஒரு சாவு விழுந்தா, எடுக்கற வரைக்கும் கோயில் நடை திறக்கமாட்டாங்க. பக்தருக்கு ஆபத்துன்னு இல்ல, சாவுத் தீட்டுன்னு; அதைச் செத்தவருக்கான மரியாதையாவும் பாக்கலாம். ரேஸ் நடத்தறவங்க கேக்கறது ஒரே கேள்விதான்: 'நம்ம ஆளுங்களுக்கு ஏதாவது ஆகுமா?' வேலிக்கு வெளிய இருக்கறவன் அந்தக் கணக்குலயே வரமாட்டான்.

'ரேஸ் போனாத்தானே கேமரா போகும்'னு சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. சிறையில உண்ணாவிரதம் இருந்த அப்துல்ஹாதி அல்-கவாஜாவைப் பத்தி அந்த வாரம் உலகமே பேசுச்சு. ஆனா அது ஊடகம் செஞ்ச வேலை. ரேஸோட அதிகாரப்பூர்வ கோஷம், நாடே ஒண்ணா கொண்டாடுதுங்கறதுதான்.

டிரைவர்களைத் திட்டறதுல அர்த்தமில்ல. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அந்த ரேஸ்ல கடைசி வரிசை டீம் ஒண்ணுக்காக ஓட்டினாரு. அப்படிப்பட்ட டீம்ல ஒருத்தர் வரமாட்டேன்னா, சீட்டுக்கு இன்னொருத்தர் ரெடியா நிப்பாரு. மெக்கானிக் நிலைமை அதை விட மோசம்.

2022 மார்ச்ல ஜெட்டாவுல பயிற்சி நடக்கும்போதே எண்ணெய்க் கிடங்கு மேல ஏவுகணை விழுந்துச்சு. ட்ராக்குல இருந்தே கரும்புகை தெரிஞ்சது. டிரைவர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை ரேஸ் நடந்துச்சு. அதே மாசம்தான் உக்ரைன் போருக்காக ரஷ்யாவோட ஒப்பந்தத்தையே ஃபார்முலா 1 முறிச்சது. ஆக, நிறுத்த முடியும். யாருக்காக நிறுத்தறாங்கங்கறதுதான் கேள்வி.

போகலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கறவங்க, அந்த நாட்டுக்கிட்ட ரேஸுக்குக் காசு வாங்கறவங்களா இருக்கக்கூடாது. பயந்து திரும்பற மெக்கானிக்குக்குச் சம்பளமும் வேலையும் போகக்கூடாது. ரசிகர்கள் நாம குறைஞ்சது இந்த ரெண்டையாவது கேக்கலாம். நீங்க என்ன நினைக்கறீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.