சுதந்திரம் சர்க்கார் இடும் பிச்சையா?



குடிமக்கள் சுதந்திரம் என்றால், சர்க்கார் பெரியமனது பண்ணி நமக்குக் கொடுப்பது என்று அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இதைவிட மடமை வேறொன்றில்லை. வீட்டுக்குக் காவற்காரனை வைத்துச் சம்பளம் கொடுப்பவன் வீட்டுக்காரன். அந்தக் காவற்காரனே வீட்டுக்காரனை அறைக்குள் பூட்டிவிட்டு, “காரணம் கேட்காதே, உன் நன்மைக்குத்தான்” என்பானேயானால் அதற்குக் காவல் என்று பெயரா? சர்க்கார் என்னும் காவற்காரனுக்கு நாம் போடும் வேலிதான் குடிமக்கள் சுதந்திரம் என்பது.

வேலி எவ்வளவு பலமானது என்று பாருங்கள். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. மறுமாதமே விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக்காவல் சட்டமும் வந்துவிட்டது. அதன்கீழ் சென்னை சர்க்கார் அடைத்து வைத்திருந்த தோழர் ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சிறைவைத்த காரணத்தைக் கோர்ட்டாரிடம் சொல்வதுகூடக் குற்றம் என்றது அச்சட்டத்தின் 14-வது பிரிவு! மே 19-ல் வந்த தீர்ப்பில் அந்த ஒரு பிரிவு செல்லாதென்றார்கள். ஆனால், சட்டசபை முறைப்படி செய்த சட்டமானால் அது நியாயமா என்று பார்ப்பது தங்கள் வேலையல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

இதன் பலன் என்னவாயிற்று? 1976-ல், அவசரநிலைக் காலத்தில், ஒருவன் உயிரைச் சட்டவிரோதமாகப் பறித்தாலும் கோர்ட்டில் பரிகாரமில்லை என்று சர்க்கார் வக்கீல் கூசாமல் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் நால்வர் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்ட எச். ஆர். கன்னாவுக்கு 1977-ல் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமற்போயிற்று. அந்தத் தீர்ப்பு தப்பென்று அதே கோர்ட் சொல்ல 2017 வரை, 41 வருஷம் ஆயிற்று!

“திருடனையும் ரௌடியையும் வேறெப்படி அடக்குவது?” என்று சிலர் கேட்கலாம். குற்றம் செய்தானென்றால் குற்றஞ்சாட்டு, சாட்சி வை, ருஜுப்படுத்தித் தண்டி. யார் வேண்டாமென்றது? செய்யப்போகிறான் என்று ஓர் அதிகாரி நினைப்பதே போதுமென்றால், நினைப்புக்கு ருஜு ஏது? எதிர்வழக்குத்தான் ஏது? நம் தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என்கிறோமே, அந்த 1982-ம் வருஷத்துச் சட்டப்படி ஒருவனை ஒரு வருஷம் வரை இப்படி வைக்கலாம். ஆலோசனைக் குழுவின்முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கில்லை. பணமும் செல்வாக்கும் உள்ளவன் எப்படியாவது வெளியே வந்துவிடுவான். கேட்க நாதியில்லாத கூலிக்காரன் கதி என்ன?

தோழர்களே! நமக்குப் பிடித்தவன் உள்ளே போனால் கூச்சலிடுவதும், பிடிக்காதவன் போனால் சந்தோஷப்படுவதும் சுதந்திர உணர்ச்சியாகாது. நமக்குப் பிடிக்காதவனுக்காகவும் “காரணம் என்ன? ருஜு எங்கே?” என்று கேட்கிறோமா என்பதுதான் பரீட்சை. நான் சொல்வதாலேயே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள். யோசிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.